யாரும் கேட்காத மிதப்பு

இதை எனக்கு முதலில் சொன்னது செலஸ்டின் மதினி, நேற்றுச் சாயங்காலம், பாசி காயப்போட்டிருந்த மணலில். இரண்டு பேரும் குனிந்து பாசியைப் புரட்டிக்கொண்டிருந்தோம், அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அமலி, வெளிப்பாருல நிக்கிறது சாவு மிதப்பு இல்லடி, என்றாள். நான் நிமிரவில்லை. உன் வீட்டுல தங்கியிருக்கிற பிள்ள கட்டினது, நாலும் அது கட்டினதுதான், நாளையோட அதோட கணக்கு முடியுதாம், போன்ல படம் காட்டுச்சு, வத்தையில உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே கட்டுது, என்றாள். அதோடு விடவில்லை. கூட்டம் முடியிற வரைக்கும் வாயைத் திறந்துடாதே, நமக்கு நல்லது நடக்கப் போற நேரம், நீ பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கிட்டு இரு, என்றாள். நான் ஜெபம்தான் சொன்னேன், தாயே, உனக்குத் தெரியும். ராத்திரி முழுக்கச் சொன்னேன். ஆனால் அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் அந்த நாலு மிதப்பும் வந்து நிற்கிறது, கறுப்புத் துணி காற்றில் அடிக்கிறது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இப்போது காலை, தண்ணீருக்குள் இருக்கிறேன், தலைக்கு மேல் என் மூச்சுக் குமிழ் போகிறது. உந்தி நீந்தக் காலில் கட்டிய தகரத் தட்டு கனக்கிறது, விரல்களில் சுற்றிய துணி ஊறிவிட்டது, இடுப்பில் வலைப்பை. மரிக்கொழுந்துப் பாசி கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது, அடியை விட்டு நுனியைக் கிள்ள வேண்டும், அடியோடு பிடுங்கினால் அடுத்த தடவை அந்தக் கல் மொட்டையாகச் சிரிக்கும். கிள்ளு, பையில் போடு, கிள்ளு, பையில் போடு. இது கை செய்கிற வேலை, மனசுக்கு இதில் வேலை இல்லை, அதனால் மனசு அதன் பாட்டுக்கு அலைகிறது. கடலில் போனவனுடைய உடம்பு கிடைக்கவில்லை என்றால் கடைசியாக அவனைப் பார்த்த இடத்தில் வீட்டார் ஒரு மிதப்புக் கட்டுவார்கள், கறுப்புத் துணியோடு. அங்கே வலை விடமாட்டோம், நங்கூரம் போடமாட்டோம், ஒரு சிப்பியைக்கூட எடுக்கமாட்டோம். வீட்டாரே வந்து அவிழ்க்கிற வரைக்கும் அது அப்படியே நிற்கும். தாண்டிப் போகும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வோம். யாருடையது என்று மட்டும் கேட்கமாட்டோம். எங்கள் ஊர்ப் பக்கம் அதைக் கேட்கக்கூடாது. கேட்டால் ஒருவர் பதில் சொல்ல வேண்டும், பதிலில் பெயர் வரும், பெயர் வந்துவிட்டால் அவன் செத்தவன் ஆகிவிடுவான். கேட்காத வரைக்கும் அவனை ஏதோ ஒரு கப்பல்காரன் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பான், எங்கோ மொழி தெரியாத துறைமுகத்தில் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டிருப்பான், வீட்டு நம்பர் மறந்துபோயிருக்கும், அவ்வளவுதான். இப்படி எத்தனை தாய்மார் எத்தனை வருஷம் இருந்திருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை ஒரு வாய்க்கேள்வியால் உடைக்க யாருக்கு மனசு வரும். அதனால் தை மாதம் தீவுக்கு வெளியே கடலடிப் பாறைத் திட்டில், எங்கள் வெளிப்பாரில், திடீரென்று நாலு மிதப்பைப் பார்த்தபோது நாங்கள் யாரும் யாரையும் கேட்கவில்லை. தெற்கே ஏதோ ஊர் வத்தை போயிருக்கும் என்று அவரவர் மனசுக்குள் நினைத்துக்கொண்டோம். பேப்பரில் வரவில்லை. எல்லாச் சாவும் பேப்பரில் வருமா.

மேலே வருகிறேன். காற்று. வெயில் கண்ணாடியில் விழுந்து கூசுகிறது. வத்தை அதோ நிற்கிறது, சுக்கான் பக்கம் மதினியின் வீட்டுக்காரர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார், முன்பக்கம் சாருமதி, என் வீட்டில் தங்கியிருக்கிற அந்தப் பிள்ளை, தலையில் என் பழைய துண்டு, மடியில் எழுதுகிற அட்டை. கொங்கு நாட்டுப் பிள்ளை. அங்கே கடல் என்றால் படத்தில் பார்ப்பதாம். வந்த புதிதில் வத்தையில் ஏறியதும் வாந்தி, இறங்கியதும் வாந்தி, இந்தப் பிள்ளை சாப்பிடுவது வயிற்றைவிட மீனுக்குத்தான் அதிகமாகப் போகிறது என்று எங்களோடு பாசி எடுக்கிற பவுலா சொல்லிச் சிரித்தாள். இப்போது பழகிவிட்டது. இவள் வந்தது மீனைப் பற்றிப் படிக்க இல்லை, பாசியைப் பற்றியும் இல்லை, எங்களைப் பற்றிப் படிக்க. இதைக் கேட்டபோது நாங்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், நம்மிடம் படிக்க என்ன இருக்கிறது என்று. தீவையும் அதைச் சுற்றிய தண்ணீரையும் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கம் பூங்கா ஆக்கியிருக்கிறது. முதல்முதலில் அந்தச் சொல்லைக் கேட்டபோது ஊஞ்சல் எங்கே போடுவார்கள் என்று மதினி கேட்டாள். அப்படிக் காப்பாற்றுகிற இடத்தோடு பக்கத்து ஜனங்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எதற்குப் போகிறார்கள், எதற்கு விலகுகிறார்கள், இதுதான் அவள் படிப்பு. நல்ல படிப்புத்தான். எங்களைக் கள்ளர் போலப் பார்க்காமல் மனுஷர் போலப் பார்க்கிற படிப்பு. என் வீட்டில் தங்கினாள், என் தட்டில் சாப்பிட்டாள், என் மகள் ஜெனிட்டாவைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு காலியாகக் கிடந்த கொடியில் இவள் துணி காய்ந்தது. சாப்பிட உட்கார்ந்தால் எல்லாம் பேசுவோம். மிதப்பைப் பற்றி மட்டும் நேற்று வரைக்கும் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பேசாதது சாவுக்கு மரியாதை. அவள் பேசாதது, இப்போது தெரிகிறது, படிப்புக்கு மரியாதை. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நாங்கள் நாங்களாக இருக்கமாட்டோமாம். இரண்டு பேரும் ஒரே சட்டியில் ரசம் ஊற்றிக்கொண்டு மரியாதை காத்திருக்கிறோம்.

மறுபடி உள்ளே. காது அடைக்கிறது. அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும், நேற்று ராத்திரி, இனி ஒரு நாள்தானே என்று, என் முன்னால்தான் பேசிப் பார்த்தாள், அடுப்படியில் நின்று, கையை ஆட்டி ஆட்டி. கோயில் மண்டபத்தில் நாளைக்குக் கூட்டம், வனத்துறையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். வெளிப்பாரை முழுவதும் அடைத்துவிடுவதா, இல்லை எங்கள் பெண்களையே பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுவதா, எந்தப் பக்கத்தை ஆறப்போடுவது எந்தப் பக்கம் பாசி எடுப்பது என்று நாங்களே முடிவு பண்ணுகிற மாதிரி. அதைத்தான் பேசப் போகிறார்கள். இவள் எழுந்து சொல்வாளாம்: ஐயா, நான் ஓர் அடையாளம் மட்டும் வைத்தேன், காவல் இல்லை, அபராதம் இல்லை, இந்த ஊர்ப் பெண்கள் ஒருத்திகூட அதற்குள் கை வைக்கவில்லை, இவர்களை நம்பலாம். சொல்லும்போது அவள் கண் பளபளத்தது. நான் அடுப்பை ஊதினேன். நம்பலாம் என்கிற சொல்லை எங்களைப் பற்றி ஒருவர் மண்டபத்தில் எழுந்து நின்று சொல்வதை நான் கேட்க வேண்டும் போல இருந்தது. வெளிப்பாரை அடைத்துவிட்டால் எங்களுக்கு வேறு பார் இல்லை. மதினி சொல்வதில் தப்பு இல்லை. பேசாமல் இருந்தால் எல்லாம் கூடி வந்துவிடும். ஆனால் பேசாமல் இருந்தால் அடுத்த மாதம் நாலு மிதப்பு நாற்பது மிதப்பு ஆகும், தீவைச் சுற்றிக் கறுப்புத் துணி பறக்கும், அது பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும்தான் என்று நண்டு சிண்டுக்கெல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் ஒருநாள் நிஜமாகவே ஒருவனைக் காணாமல் அவன் தாய் மிதப்பு கட்டினால், அதன் பக்கத்திலேயே வலை விழும். சிலுவை போட மறந்துவிடுவார்கள். இதுவும் அந்தப் படிப்புக்காரப் பிள்ளையுடையதாக இருக்கும் என்பார்கள். அந்தத் தாய் நானாக இருந்தால். இதை நினைக்காதே, அமலி. பாசியைப் பார். கிள்ளு, பையில் போடு.

என் மகன் டெல்வின் கேரளாப் பக்கம் ஆழ்கடல் போட்டில் போகிறான். ஆழத்துக்குப் போனால் போன் எடுக்காது, அதற்கு நான் பழகிவிட்டேன், பழகிவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளப் பழகிவிட்டேன். தை மாதம் அந்த மிதப்புகளை முதலில் பார்த்த அன்றைக்கும் அவன் ஆழத்தில்தான் இருந்தான். அது அவனுடையதாக இருக்க முடியாது, அவன் இருந்தது வேறு கடல், கட்ட வேண்டியவள் நான், நான் கட்டவில்லை. இதெல்லாம் தெரிந்தும் என் வயிறு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து திரி ஏற்றினேன். அன்றையிலிருந்து தினமும் அந்த நாலு பேருக்காகவும் ஜெபமாலை. பெயர் தெரியாததால் முகம் கொடுத்தேன். ஒருவன் மீசை இப்போதுதான் வந்தவன். ஒருவனுக்கு முன்பல் உடைந்திருக்கும். ஒருவன் வயசாளி, சுருட்டுக் குடிப்பான், வீட்டில் திட்டு வாங்குவான். நாலாமவனுக்கு என்ன செய்தாலும் டெல்வின் முகம்தான் வந்தது, அதை மாற்ற மாற்றத் திரும்பி வந்தது, கடைசியில் விட்டுவிட்டேன். நேற்று மதினி சொன்னதும் எனக்கு முதலில் வந்தது கோபமும் இல்லை, பயமும் இல்லை. அந்த நாலு பேரும் சாகவில்லை. அந்த நினைப்புத்தான் வந்தது. பல் உடைந்தவன் சாகவில்லை. சுருட்டுக்காரன் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். கையில் பாசியோடு நான் சிரித்தேன், மதினிக்கு விளங்கவில்லை. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்து சிக்கியது, வலையில் முள் சிக்குகிற மாதிரி. அப்படியானால் அந்த ஜெபமெல்லாம் எங்கே போயிற்று, தாயே? நித்திய இளைப்பாற்றி கேட்டேன், இல்லாத ஆத்துமாக்களுக்கு. நீ வாங்கிக்கொண்டு எங்கே வைத்தாய்? திருப்பி அனுப்பினாயா? தப்பான முகவரிக்குப் போன மணியார்டர் மாதிரி எந்த ஊர்த் தபால்காரர் பையில் அது கிடக்கிறது?

ஓட்டம் லேசாகத் தெற்கே தள்ளுகிறது. தள்ளினால் தள்ளட்டும் என்று கொஞ்சம் விட்டேன். பொய் சொல்லக்கூடாது, ஓட்டம் பாதி, நான் பாதி. கண்ணாடிக்கு முன்னால் ஒரு கயிறு நேராக மேலே போகிறது, அடியில் கல் கட்டியிருக்கிறது, நைலான் கயிறு, முடிச்சு எங்கள் முடிச்சு இல்லை, கடையில் பொட்டலம் கட்டுகிற முடிச்சு. இத்தனை நாள் பக்கத்தில் வந்திருந்தால் முடிச்சைப் பார்த்தே தெரிந்திருக்கும். பக்கத்தில் வரவில்லையே. தூரத்திலிருந்து சிலுவை போட்டுக்கொண்டு போனோம். தாண்டினேன். நாலு மிதப்புக்கும் நடுவே உள்ளே போய்விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, கோயிலில் பலிபீடத்துக்குப் பின்னால் தெரியாமல் போய்விட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். இங்கே கல் தெரியவில்லை. பாசி கல்லை மூடிக் கிடக்கிறது, நுனி நுனியாக, யாரும் கிள்ளாத நுனி, ஓட்டத்தில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து ஒரே பக்கம் நிமிர்கிறது. உள்ளே சின்னச் சின்னதாக மீன் குஞ்சுகள், என் நிழல் விழுந்ததும் ஓடவில்லை, ஓட வேண்டும் என்று இதுகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை போலும். கல் இடுக்கில் கணவாய் முட்டை, கொத்துக் கொத்தாக, வெள்ளை வெள்ளையாக, பிள்ளையின் விரல் மாதிரி. நாங்கள் எடுக்கிற பக்கம் இதைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று. கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டேன். இங்கேயா வைத்தாய், தாயே. இங்கேயா கொண்டுவந்து கொட்டினாய். மூச்சு முட்டியது. முட்டட்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்தேன். பயத்தினால் விட்டோமோ, மரியாதையினால் விட்டோமோ, தப்பாக நினைத்து விட்டோமோ, இந்தக் குஞ்சுகளுக்கு அது தெரியாது. விட்டோம் என்பது மட்டும் தெரியும்.

மேலே வந்தபோது சாருமதி எழுந்து நின்றிருந்தாள். கூப்பிடவில்லை. கூப்பிடக்கூடாது அவள், பார்க்க மட்டும்தான் வேண்டும். வத்தை ஆடியது, அவள் ஆடவில்லை, கையில் பேனா. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைசி நாள். ஒருத்திகூடக் கை வைக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லப் போகிறவள், இன்றைக்கு அவளுக்குச் சோறு போட்டவளே உள்ளே போய்விட்டு வருவதைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் என் ஜெனிட்டா பரீட்சை முடிவு பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது. நீந்தி வருகிற அந்தக் கொஞ்ச தூரத்தில் எனக்கு ஒரு பதில் தயாராகிவிட்டது, ஓட்டம் இழுத்துவிட்டது தாயி, கவனிக்கவில்லை. பாதி நிஜம் வேறு. எவ்வளவு சுலபம். அவளும் நம்புவாள், எழுத வேண்டியதை எழுதுவாள். மதினி வத்தையின் மறுபக்கம் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாயை மூடு என்று கண்ணாலேயே சொன்னாள். நான் வத்தை விளிம்பைப் பிடித்தேன்.

"ஏனுங்கம்மா இன்னைக்கு உள்ள போனீங்க?" என்றாள் சாருமதி. குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டம்.

"இன்னைக்குத்தான் தாயி எனக்குப் பயம் போச்சு," என்றேன். அப்புறம் நிறுத்த முடியவில்லை. சாவு மிதப்பு என்றால் என்ன, கறுப்புத் துணி என்றால் என்ன, ஏன் கேட்கமாட்டோம், எல்லாம் சொன்னேன், தண்ணீரில் தொங்கிக்கொண்டே. நடுவில் உப்பு வாயில் போயிற்று, துப்பிவிட்டுச் சொன்னேன். மற்ற பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள், என்ன பேச்சு என்று தெரியாமல் வந்து, தெரிந்ததும் இன்னும் நெருங்கினார்கள். நாற்பது நாளுக்கு மேல ஒரு தெர்மாகோலுக்கா ஜெபமாலை சொன்னேன் என்றாள் பவுலா. ஒருத்தி சிரித்தாள். வத்தையைச் சுற்றித் தலை தலையாகச் சிரித்தோம். சாருமதி சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நீங்க அந்த இடம் ஆறட்டும்னு விடலைங்களா," என்றாள்.

இல்லை என்றேன். கறுப்புத் துணி ஏன் என்று கேட்டேன். வெயிலில் தூரத்திலிருந்து நன்றாகத் தெரிகிற நிறம் அதுதானாம், அவ்வளவுதான் காரணம். மதினிக்கு அதுவரை அடக்கியிருந்தது வெடித்துவிட்டது. ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாம் இல்ல என்றாள். கேட்டால் ஜனங்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்று எங்கள் சார் சொன்னார் என்றாள் சாருமதி. "ஆமா," என்றாள் மதினி, "கேட்டா மனுஷங்க மாதிரி நடந்துக்குவோம்." பிள்ளை தலையைக் குனிந்துகொண்டாள், அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை. நிமிர்ந்து எங்கள் எல்லோரையும் பார்த்தாள்.

"நீங்களும் கேக்கலையேங்க," என்றாள். "நாலு பேரு செத்துட்டாங்கன்னு நெனச்சிருக்கீங்க. ஒரே வீட்டுல இருந்தேன். யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

மதினி கண்ணாடியை இறக்கிக்கொண்டு மிதப்புப் பக்கம் நீந்திப் போய் முங்கினாள். நாங்கள் காத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர் துண்டை விலக்கி என்ன சத்தம் என்று கேட்டார், ஒன்றுமில்லை தூங்குங்கள் என்றாள் பவுலா. மதினி எழும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. கணவாய் முட்டை வச்சிருக்குடி, என்றாள் என்னைப் பார்த்து, ஏதோ அவளுடைய வீட்டுக்குள் வைத்த மாதிரி. அப்புறம் வத்தை விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு மிதப்புப் பக்கம் திரும்பினாள். இது பொரிக்கிற வரைக்குமாவது இங்க ஒருத்தியும் வரப்படாது, பிள்ளை சொன்னதுக்காக இல்ல, நான் சொல்றேன், என்றாள். கறுப்பு வேண்டாம், அது காணாமப் போனவங்களுக்கு இருக்கட்டும் என்று சொல்லி, மிதப்பில் கட்டத் தன் விரலில் சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பல்லால் அவிழ்க்கத் தொடங்கினாள். பவுலாவும் அவிழ்த்தாள். ஒருத்தி துணி பச்சை, ஒருத்தியுடையது பழைய பூப்போட்ட நைட்டி. சாருமதி அட்டையைக் கீழே வைத்துவிட்டு, முடிச்சு எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுங்கள் என்றாள். அவள் போட்ட முடிச்சைப் பார்த்து மதினி தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பி வருகிறபோது பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுதியது தப்பு என்று நாளைக்கு முதலில் சொல்லிவிடுவேன் என்றாள். அதற்குப் பிறகு இன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், ஆனால் அதை நான் சொன்னால் நான் பார்த்தது ஆகிவிடும், நீங்கள் சொன்னால்தான் நீங்கள் செய்தது ஆகும், நீங்கள் எழுந்து சொல்வீர்களா அம்மா, என்றாள். நானா. எட்டாவது வரைக்கும் படித்தவள். கோயிலில் மன்றாட்டு வாசிக்கச் சொன்னாலே பவுலாவை முன்னால் தள்ளிவிடுவேன். துறைக்காரர்கள் என்ன முடிவு எடுப்பார்கள் என்று தெரியாது. அடைத்துவிடலாம். சிரித்துவிடலாம். ஒரு வேளை கேட்கலாம், தாயே, கேட்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்று தெரியாது. காற்று இதமாக இருக்கிறது, கரை தெரிகிறது, கோயில் கோபுரம் தெரிகிறது. சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்குக் காலையில் உனக்கு எத்தனையோ வேலை இருக்கும், டெல்வினையும் பார்த்துக்கொள்ள வேண்டும், எல்லார் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நேரம் ஒழிந்தால் அந்த மண்டபத்துக்குக் கொஞ்சம் வா. முன்னால் நாற்காலி வேண்டாம். நான் எழுந்து நிற்கும்போது கண்ணில் படுகிற மாதிரி, பின்பக்கம் எங்காவது பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்துகொள்.